பூஜ்யம் இருக்க வேண்டிய இடத்தில்

ஸ்வீடன் தேசத்தின் தென்பகுதியில், ஸ்கோனே, ஹாலண்ட் என்னும் இரண்டு மாகாணங்களின் எல்லையில், ஹாலண்ட்ஸோஸ் என்றொரு மலைமுகடு குறுக்கே படுத்துக் கிடக்கிறது. அதிக உயரமில்லாத மலைதான். ஆனாலும் அதன்மேல் ஏறி இறங்கும் ஒற்றை ரயில்பாதை மேற்குக் கடற்கரையின் போக்குவரத்துக்கெல்லாம் ஓர் இடையூறாக இருந்தமையால், மலையைக் குடைந்து இரட்டைச் சுரங்கம் அமைப்பது என்று தீர்மானித்து, 1992-ஆம் ஆண்டில் வேலையைத் தொடங்கினார்கள். வெளியிலிருந்து பார்க்கக் கெட்டியான பாறையாகத் தோன்றிய அந்த மலை, உள்ளே வெடிப்பும் விரிசலுமாக, நீரை ஏந்தி நிற்கும் பஞ்சுபோல இருந்தது. குடையக் குடைய நீர் பெருகிற்று. சுற்றுப்புறத்துக் கிணறுகளிலோ நீர்மட்டம் இறங்கிற்று. கசிவை அடைக்கச் சிமெண்டு போதாது என்று கண்டு, 1997-ஆம் ஆண்டில், ரோக்கா-ஜில் என்ற ரசாயன அடைப்புப் பொருளைப் பாறைப் பிளவுகளுக்குள் செலுத்தினார்கள். சிறிதளவு அல்ல, ஏறத்தாழ 1,400 டன். அந்தப் பொருளில் அடங்கியிருந்தவற்றுள் ஒன்று அக்ரிலமைடு.

அக்ரிலமைடு என்பது வெண்ணிறமான, நீரில் எளிதிற் கரைகிற ஒரு சிறு மூலக்கூறு. இந்தச் சிறு மூலக்கூறுகள் ஆயிரக்கணக்கில் சங்கிலியாகக் கோத்துக்கொண்டால் உண்டாகும் பாலிஅக்ரிலமைடு சாதுவானது. குடிநீரைத் தெளிய வைப்பதற்கும், காகித ஆலைகளிலும், பரிசோதனைச் சாலைகளில் புரதங்களைப் பிரித்தறிவதற்கும் அது உலகெங்கும் பயன்பட்டு வருகிறது. ஆனால் கோவாமல் தனித்து நிற்கும் அக்ரிலமைடு நரம்புகளுக்கு விஷம் என்பதும், பிராணிகளுக்கு நெடுநாள் கொடுத்தால் புற்றுநோயை உண்டாக்கும் என்பதும் முன்பே தெரிந்த சங்கதிகள். சர்வதேசப் புற்றுநோய் ஆராய்ச்சி முகமை 1994-ஆம் ஆண்டிலேயே அதனை, மனிதருக்கும் பெரும்பாலும் புற்றுநோய் விளைவிக்கக் கூடியவை என்று கருதத்தக்க பொருள்களின் வரிசையில் சேர்த்திருந்தது.

மலைக்குள் பாய்ந்துகொண்டிருந்த நீரில் அந்தக் கோக்கும் வேலை முற்றுப்பெறவில்லை. கோவாத அக்ரிலமைடு நீரோடு கலந்து ஓடையில் இறங்கிற்று. அந்த இலையுதிர்காலத்தில், ஓடையின் கீழ்ப்புறத்தில் இருந்த மீன்வளர்ப்புக் குட்டையில் மீன்கள் செத்து மிதந்தன. ஓடை நீரைக் குடித்த பசுக்கள் கால் பின்னி விழுந்தன. சுரங்கத் தொழிலாளர் சிலருக்குக் கையும் காலும் மரத்துப் போயின. அக்டோபர் மாதத்தில் வேலை நிறுத்தப்பட்டது. அந்த வட்டாரத்துப் பாலையும் காய்கறியையும் ஜனங்கள் தொடவே அஞ்சினார்கள்.

இது ஒரு விபத்தின் கதை. அதனை அன்றைய பத்திரிகைகள் விஸ்தாரமாக எழுதின. நான் சொல்ல வந்தது, அந்த விபத்தின் ஓரத்தில், யாரும் தேடாமலே கிடைத்த ஓர் எண்ணைப் பற்றியும், அந்த எண்ணைக் கண்டவர்கள் அதை ஒதுக்கித் தள்ளிவிடாமல் ஐந்து ஆண்டுகள் அதன் பின்னே நடந்து போனதைப் பற்றியும்தான். உணவில் கலந்திருக்கும் ரசாயன மாசுகளை ஆராய்வதே வாழ்க்கைத் தொழிலாகக் கொண்ட ஒரு சர்வகலாசாலை ஆராய்ச்சியாளரின் நாள்கள் எவ்வாறு கழிகின்றன என்று கேட்பவருக்கு, அந்த ஐந்து ஆண்டுகளையும், அவற்றுக்கு முன் நின்ற முப்பது ஆண்டுகளையும் காட்டினால் போதும் என்பது என் எண்ணம்.

சுரங்கத் தொழிலாளர்களின் உடம்பில் எவ்வளவு விஷம் ஏறியிருக்கிறது என்பதை அறிய வேண்டியிருந்தது. காரியம் எளிதன்று. அக்ரிலமைடு சரீரத்துக்குள் சென்றால் சில மணி நேரத்தில் உருமாறி, சிறுநீரோடு பெரும்பகுதி வெளியேறிவிடும். சென்ற மாதம் சுவாசித்ததை இன்று எடுத்த இரத்தத்தில் தேடினால் அகப்படாது. ஆயினும் அது போகிற போக்கில் ஓர் அடையாளத்தை விட்டுப் போகிறது. இரத்தத்தின் சிவப்பு அணுக்களை நிறைத்து நிற்கும் ஹீமோகுளோபின் என்ற புரதத்தில், அக்ரிலமைடு மூலக்கூறுகளில் மிக அற்பமான ஒரு பங்கு ஒட்டிக்கொண்டு, பின்பு பிரியாமலே இருந்துவிடுகிறது. சிவப்பணுவின் ஆயுள் ஏறத்தாழ 120 நாள். ஆகவே, நம் ஒவ்வொருவருடைய இரத்தமும், கடந்த நாலு மாத காலத்தில் உடம்புக்குள் வந்து போன இத்தகைய விருந்தாளிகளின் பெயரையெல்லாம் எழுதிவைத்திருக்கும் ஒரு பேரேடு என்றே சொல்லலாம். அதைப் படிக்கத் தெரிந்தவர்கள் அப்போது உலகத்தில் வெகு சிலர். அவர்களுள் ஒருவர் ஸ்டாக்ஹோம் சர்வகலாசாலையின் மார்கரேத்தா டோர்ன்க்விஸ்ட் என்ற பெண்மணி.

அவர் அதைப் படிக்கக் கற்றுக்கொண்ட விதத்தைச் சற்று நிதானமாகச் சொல்ல வேண்டும். ஏனெனில் இந்த விஷயத்தின் சாரமே அங்கேதான் இருக்கிறது. அவருடைய ஆசிரியர் லார்ஸ் எரன்பெர்க், 1921-இல் பிறந்து 2005-இல் மறைந்தவர். கதிரியக்கமும் சில ரசாயனங்களும் பார்லி விதைகளில் எவ்வாறு மரபு மாற்றங்களை உண்டாக்குகின்றன என்ற ஆராய்ச்சியில் தம் வாழ்க்கையைத் தொடங்கியவர். கதிரியக்கத்துக்கு ஓர் அளவுகோல் உண்டு. இத்தனை அளவு பாய்ந்தது என்று எண்ணாற் சொல்லிவிடலாம். ரசாயனத்துக்கு அத்தகைய அளவுகோல் ஏது? காற்றில் எவ்வளவு இருந்தது என்பதை அளந்து பயனில்லை. உடம்பின் உள்ளே, உயிரணுவின் வாயிலில், எவ்வளவு சென்று தட்டியது என்பதல்லவா கேள்வி? இந்தக் கேள்வியோடு பல காலம் போராடிய எரன்பெர்க், மரபுப் பொருளை நேரே அளப்பது கடினமென்றால், அதைத் தாக்கும் அதே ரசாயனம் ஹீமோகுளோபினையும் தாக்குவதால் அதனை அளக்கலாமே என்ற யோசனையை 1970-களில் முன்வைத்தார். அவர் முதலில் எடுத்துக்கொண்ட பொருள்களுள் எத்திலீன் ஆக்ஸைடு என்ற வாயு முக்கியமானது.

இந்த வாயுவின் பெயர் நமக்கும் அந்நியமன்று. மருத்துவக் கருவிகளிலும், சில தேசங்களில் மசாலாப் பண்டங்களிலும் கிருமிகளைக் கொல்ல அது பயன்பட்டது. 2020-ஆம் ஆண்டு செப்டம்பரில், இந்தியாவிலிருந்து சென்ற எள்ளில் அதன் எச்சம் மிதமிஞ்சி இருப்பதாகப் பெல்ஜியம் ஐரோப்பிய நாடுகளை எச்சரித்ததும், அதன் விளைவாக அந்த எள் சேர்ந்த ரொட்டி, பிஸ்கோத்து முதலிய பண்டங்கள் நாட்டுக்கு நாடு கடைகளிலிருந்து திரும்பப் பெறப்பட்டதும், நம் ஏற்றுமதியாளர்கள் மறந்திருக்க மாட்டார்கள். பார்லி விதையில் தொடங்கிய ஒரு மனிதரின் தத்துவக் கேள்வி, அரை நூற்றாண்டு கழித்து எள் மூட்டையோடு சம்பந்தப்படுகிறது.

யோசனை நல்லதுதான், ஆனால் கருவி மொண்ணையாக இருந்தது. ஹீமோகுளோபினை முழுவதும் சிதைத்து, அதன் அமினோ அமிலங்களையெல்லாம் பிரித்தெடுத்து, கோடிக்கணக்கான நல்ல நெல்மணிகளின் நடுவே ஒரு கருக்காயைத் தேடுவதுபோலத் தேட வேண்டியிருந்தது. டோர்ன்க்விஸ்ட் செய்த காரியம் இந்த வேலையைத் தலைகீழாகத் திருப்பியது. ஹீமோகுளோபினின் சங்கிலிகள் எல்லாவற்றுக்கும் தலைமணியாக இருப்பது வாலின் என்னும் அமினோ அமிலம். புரதச் சங்கிலியைத் தலையிலிருந்து ஒவ்வொரு மணியாகக் கழற்றும் முறை ஒன்றை, ஸ்வீடனைச் சேர்ந்த பேர் எட்மன் என்ற விஞ்ஞானி 1950-ஆம் ஆண்டளவில் கண்டிருந்தார். அதிலே ஒரு சிறு மாற்றத்தைச் செய்தால், அந்நிய மூலக்கூறு ஒட்டிய வாலின் மட்டும், கடும் அமிலத்தின் உதவியின்றித் தானாகவே கழன்று விழுகிறது. ஒட்டாதது சங்கிலியிலேயே நின்றுவிடுகிறது. நெற்குவியலைக் கிளற வேண்டியதில்லை. கருக்காய் தானே துள்ளி வெளியே வருகிறது. இந்த முறையை அவரும் எரன்பெர்க்கும் கூட்டாளிகளும் 1986-இல் பிரசுரித்தார்கள்.

1986-இல் இதனால் யாருக்கு என்ன லாபம் என்று கேட்டிருந்தால், திருப்தியான பதில் கிடைத்திராது. வாகனப் புகையிலிருந்து நகரத்துக் காற்றில் கலக்கும் வாயுக்கள் எவ்வளவு உடம்பில் ஏறுகின்றன என்பதை அளந்தார்கள்; புகைபிடிப்போரை அளந்தார்கள்; ஆலைத் தொழிலாளரை அளந்தார்கள்; ஒவ்வொன்றுக்கும் ஒரு கட்டுரை எழுதினார்கள். உலகம் அவற்றைக் கவனித்ததாகச் சொல்ல முடியாது. ஆனால் 1997-இல் மலை கசிந்தபோது, அலமாரியில் அந்தக் கருவி தயாராக இருந்தது. உடனடிப் பயனை முன்கூட்டியே எழுதிக் காட்டினால்தான் பணம் தருவோம் என்று சொல்லும் ஒரு நாட்டில் அது இருந்திருக்காது என்பதை இங்கே அழுத்திச் சொல்ல விரும்புகிறேன். ஏனெனில் நம்முடைய சர்வகலாசாலைகளிலும் இப்போது அந்தக் குரல்தான் ஓங்கி ஒலிக்கிறது.

தொழிலாளர் 210 பேரின் இரத்தம் பரிசோதிக்கப்பட்டது. யாருடைய இரத்தத்தில் அடையாளம் மிகுந்திருந்ததோ அவர்களிடமே மரமரப்பும் மிகுந்திருந்தது. அளவுக்கும் நோய்க்கும் உள்ள உறவு தெளிவாகப் புலப்பட்டது. நரம்பு பாதிக்கப்பட்டவர்கள், ஓரிருவர் தவிர, ஒன்றரை ஆண்டுக்குள் குணமடைந்தார்கள் என்பது ஆறுதலான சங்கதி.

இனித்தான் அந்த எண் வருகிறது.

எந்த அளவையும் தனியே நின்று அர்த்தம் தராது. ஒப்பிட்டுப் பார்க்க இன்னொன்று வேண்டும். ஆகையால் சுரங்கத்துக்கும் தமக்கும் எந்தச் சம்பந்தமும் இல்லாத சாதாரண மனிதர் சிலரிடமும் இரத்தம் எடுத்துப் பார்த்தார்கள். நியாயப்படி அவர்களிடம் அக்ரிலமைடின் அடையாளம் பூஜ்யமாக இருந்திருக்க வேண்டும். அவ்வாறு இருக்கவில்லை. ஹீமோகுளோபின் சங்கிலிகளில் ஏறத்தாழ இருபது லட்சத்துக்கு ஒன்று என்ற கணக்கில், அந்த மூலக்கூறு தலைமணியில் ஒட்டியிருந்தது.

இருபது லட்சத்தில் ஒன்று என்றால் அதை ஒரு பொருட்டாக மதிப்பவர் யார்? பரிசோதனைச் சாலையில் வாழ்ந்து பழகியவர்களுக்குத் தெரியும், இத்தகைய எண்ணைத் தள்ளிவிடுவதற்கு நூறு காரணங்கள் எப்போதும் தயாராக இருக்கும். கருவியின் குற்றமாக இருக்கலாம். பாத்திரம் சரியாகக் கழுவப்படாமல் இருக்கலாம். பரிசோதனைச் சாலையிலேயே அக்ரிலமைடு புழங்குவதால் அங்கிருந்து கலந்திருக்கலாம். அதனால்தான் இந்தத் துறையில் ஒரு நாளைய வேலையில் பாதி, எதுவும் இல்லாததை அளப்பதிலேயே கழிகிறது. தூய நீரை மட்டும் எடுத்து, இரத்தத்துக்குச் செய்வதையெல்லாம் அதற்கும் செய்து, கருவியில் செலுத்தி, பூஜ்யம் வருகிறதா என்று பார்க்க வேண்டும். தெரிந்த அளவு பொருளைச் சேர்த்து, அதே அளவு திரும்பக் கிடைக்கிறதா என்று பார்க்க வேண்டும். எடையில் மட்டும் சற்றே வேறுபட்ட, மற்றபடி இரட்டைப் பிள்ளைபோல ஒத்திருக்கும் மூலக்கூறு ஒன்றை முதலிலேயே சேர்த்துவிட்டு, வழியில் எவ்வளவு தொலைகிறது என்று கணக்கு வைக்க வேண்டும். இதிலே சாகசம் எதுவும் இல்லை. ஆனால் இந்தச் சிரத்தையை இருபது ஆண்டு கடைப்பிடித்த ஒருவருக்குத்தான், இந்த எண் பொய்யன்று என்று சொல்லும் தைரியம் உண்டாகும்.

அந்த ஸ்டாக்ஹோம் ஆய்வகத்திலிருந்தே 1997-இல் வெளிவந்த ஒரு கட்டுரையில், புகைபிடிக்காத மனிதரிடமும் இந்த அடையாளம் இருப்பது குறிக்கப்பட்டிருந்தது. சுரங்க விபத்து அதனையே மறுபடியும், ஒரு தேசம் முழுவதும் கேள்வி கேட்டுக்கொண்டிருந்த வேளையில், கண்முன் கொண்டுவந்து நிறுத்திற்று. அப்படியானால் எல்லாரும் எங்கிருந்தோ அக்ரிலமைடைப் பெற்றுக்கொண்டிருக்கிறார்கள். எங்கிருந்து? குடிநீரில் அனுமதிக்கப்படும் அளவு மிகவும் சொற்பம். அது இந்தக் கணக்குக்கு ஈடாகாது.

துப்பு ஒன்று ஏற்கெனவே கையில் இருந்தது. புகைபிடிப்போரிடம் அடையாளம் அதிகம். புகையிலைப் புகையில் அக்ரிலமைடு இருப்பது தெரிந்ததே. புகையிலையை எரிக்கும்போது அது உண்டாகிறது என்றால், தாவரப் பொருளை உஷ்ணப்படுத்துவதே அதற்குக் காரணமாக இருக்கலாம் அல்லவா? புகைபிடிக்காத மனிதனும் நாள்தோறும் உஷ்ணப்படுத்திய தாவரப் பொருளையும் மாமிசத்தையும் வாய்வழியே ஏற்கிறானே! இந்த அனுமானம் உதித்ததும், எலிகளுக்கு அவற்றின் வழக்கமான தீவனத்தையே எண்ணெயின்றி வாணலியில் வறுத்ததுபோலச் சூடாக்கிக் கொடுத்தார்கள். சூடாக்காத தீவனம் தின்ற எலிகள் ஒரு பக்கம், வறுத்தது தின்றவை மற்றொரு பக்கம். ஓரிரு மாதங்கள் கழித்துப் பார்த்தால், வறுத்ததைத் தின்ற எலிகளின் இரத்தத்தில் அந்த அடையாளம் தெளிவாக உயர்ந்திருந்தது. ஈடன் டாரெகே என்ற ஆராய்ச்சி மாணவியை முதல் ஆசிரியராகக் கொண்டு 2000-ஆம் ஆண்டில் வெளிவந்த அந்தக் கட்டுரையின் தலைப்பு ஒரு கேள்விக்குறியோடு முடிந்தது: அக்ரிலமைடு, சமையலில் பிறக்கும் புற்றுநோய்ப் பொருளா? அந்தக் கேள்விக்குறியை நான் மிகவும் மதிக்கிறேன். எலி பதில் சொல்லிவிட்டது. மனிதனின் தட்டு இன்னும் சொல்லவில்லை என்பதை அது ஒப்புக்கொள்கிறது.

தட்டைப் பரிசோதிக்கத் தொடங்கியபோது கவனம் முதலில் மாமிசத்தின் மேல் சென்றது. ஜப்பானில் டகாஷி சுகிமுரா என்ற அறிஞர், கரியச் சுட்ட மீனிலும் இறைச்சியிலும் மரபுப் பொருளைச் சேதப்படுத்தும் பொருள்கள் இருப்பதை 1970-களிலேயே காட்டியிருந்தமையால், சமையலில் விளையும் நச்சு என்றாலே மாமிசத்தை நினைப்பது இத்துறையில் வழக்கமாகிவிட்டது. சூடாக்கிய இறைச்சியிலும் மற்றப் புரத உணவுகளிலும் அக்ரிலமைடு கிடைக்கவே செய்தது. கிலோவுக்கு 5 முதல் 50 மைக்ரோகிராம். பிறகு உருளைக்கிழங்கை வைத்துப் பார்த்தார்கள். கிலோவுக்கு 150-இலிருந்து 4,000 வரை! பொரித்த உருளைக்கிழங்கு, வறுவல், ஸ்வீடன் மக்கள் அன்றாடம் தின்னும் மொறுமொறுப்பான தட்டை ரொட்டி ஆகிய எல்லாவற்றிலும் அது இருந்தது. அதே உருளைக்கிழங்கை நீரில் அவித்தால் இல்லை. பச்சையாக இருக்கும்போதும் இல்லை. நஞ்சு வயலிலிருந்தும் வரவில்லை, ஆலையிலிருந்தும் வரவில்லை, அடுப்பில் பிறந்தது. ஒரு முறையில் அளந்ததை முற்றிலும் வேறொரு முறையிலும் அளந்து, இரண்டும் ஒன்றுபட்ட பின்பே அவர்கள் அதை நம்பினார்கள்.

2002-ஆம் ஆண்டு ஏப்ரல் 24-ஆம் தேதி, ஸ்டாக்ஹோம் சர்வகலாசாலையும் ஸ்வீடனின் தேசிய உணவு நிர்வாகமும் சேர்ந்து பத்திரிகையாளரைக் கூட்டி இதனை அறிவித்தன. ஆராய்ச்சிக் கட்டுரை அச்சில் வருவதற்கு முன்பே ஜனங்களிடம் சொல்லிவிட்டார்கள் என்று அவர்களைக் குறை கூறியவர்கள் உண்டு. வீணான பீதியைக் கிளப்பிவிட்டார்கள் என்றவர்களும் உண்டு. நான் அவர்கள் செய்ததே சரி என்று நினைக்கிறேன். நாள்தோறும் கோடிக்கணக்கானவர் உண்ணும் பண்டத்தைப் பற்றிய உண்மை கையில் இருக்கையில், அதனை அச்சகத்தின் வரிசைக்காகப் பல மாதம் பூட்டி வைப்பது, அந்தப் பண்டத்தை உண்பவரைச் சிறு பிள்ளையாக மதிப்பதாகும். தங்களுக்குத் தெரிந்தது இவ்வளவு, தெரியாதது இவ்வளவு என்று சொல்லிவிட்டு, உலகத்து ஆய்வகங்கள் எல்லாம் சரிபார்க்கட்டும் என்று கதவைத் திறந்துவிட்டார்கள். சில வாரங்களுக்குள் வேறு நாடுகளும் அதே எண்களைக் கண்டன. ஜூன் மாத இறுதியில் உலக சுகாதார ஸ்தாபனமும் உணவு விவசாய ஸ்தாபனமும் ஜெனிவாவில் நிபுணர்களைக் கூட்டின.

அது எவ்வாறு பிறக்கிறது என்ற புதிரும் அந்த வருஷமே அவிழ்ந்தது. அக்டோபரில், இங்கிலாந்தின் ரெடிங் சர்வகலாசாலையைச் சேர்ந்த டொனால்டு மாட்ரம் முதலியோரும், ஸ்விட்ஸர்லாந்தின் லோசான் நகரில் உள்ள நெஸ்லே ஆராய்ச்சி நிலையத்தாரும், ஒரே 'நேச்சர்' இதழில், தனித்தனியே கண்ட ஒரே விடையை வெளியிட்டார்கள். லூயி-கமீல் மையார் என்ற பிரெஞ்சு ரசாயன அறிஞர் 1912-இல் விவரித்த ஒரு வினை இருக்கிறது. சர்க்கரையும் அமினோ அமிலமும் உஷ்ணத்தில் கூடினால் பழுப்பு நிறமும் மணமும் சுவையும் உண்டாகும். தோசையின் முறுகலும், வறுத்த காப்பிக்கொட்டையின் வாசனையும், சுட்ட ரொட்டியின் மேல்தோலும் அதன் கொடைதான். இருபது அமினோ அமிலங்களில் அஸ்பராஜின் என்பது ஒன்று. அதனோடு குளுகோஸ் போன்ற சர்க்கரை ஏறத்தாழ 120 பாகைக்கு மேற்பட்ட உஷ்ணத்தில் வினைபுரிந்தால், பல படிகளைக் கடந்து, முடிவில் அக்ரிலமைடு பிரிந்து விழுகிறது. உருளைக்கிழங்கில் அஸ்பராஜின் தாராளம், தானியங்களிலும் உண்டு. நீர் 100 பாகையில் கொதித்துவிடுவதால் அவித்த பண்டத்தில் இந்த வினை நடக்க இடமில்லை. இட்லியும் இடியாப்பமும் நீராவியில் வேகின்றவை என்பதை நினைத்துக்கொள்ளும்போது நம் வீட்டுப் பெரியவர்கள்மீது ஒரு தனி அன்பு எழுகிறது. ஆனால் முறுக்கும் வறுவலும் அதே பெரியவர்கள் தந்தவைதாம் என்பதையும் மறைக்கக் கூடாது.

மணமும் நஞ்சும் ஒரே வினையின் இரண்டு பிள்ளைகள் என்பதுதான் இந்த ஆராய்ச்சியின் கடினமான இடம். ஒன்றை விலக்கி மற்றதை மட்டும் வைத்துக்கொள்ள முடியுமா? பாதிவரை முடியும். நிறம் பழுப்பை நோக்கிப் போகப்போக அக்ரிலமைடு பெருகுகிறது. பொன்னிறத்தில் நிறுத்திவிட்டால் குறைவு. பிரிட்டனின் உணவுத் தரக் காப்பு முகமை 2017-இல் இதைத்தான் நாடெங்கும் பிரசாரம் செய்தது: பொன்னிறத்தோடு நிறுத்துங்கள் என்று. பொன்னிறமாக வறுத்தெடுக்கவும் என்று தமிழ்ச் சமையற் புத்தகங்கள் காலங்காலமாக எழுதிவரும் சொல்லுக்கு, எதிர்பாராத ஒரு திசையிலிருந்து பிரமாணம் கிடைத்ததுபோல எனக்குத் தோன்றிற்று. ஆலைகளுக்கு வேறு யுக்திகள் உண்டு. கிழங்கை மிகக் குளிர்ந்த கிடங்கில் வைத்தால் அதன் மாவுப்பொருள் சர்க்கரையாக மாறி, பொரிக்கும்போது அக்ரிலமைடு கூடும். ஆகையால் கிடங்கின் உஷ்ணம் கவனிக்கப்படுகிறது. அஸ்பராஜினை மட்டும் குறிவைத்துச் சிதைக்கும் அஸ்பராஜினேஸ் என்ற நொதியைப் பிசைந்த மாவில் சேர்ப்பதும் உண்டு. 2018 ஏப்ரல் முதல் ஐரோப்பிய ஒன்றியத்தில் இவையெல்லாம் சட்டத்தின் கீழ் வந்துவிட்டன. பொரித்த உருளைக்கிழங்குக்குக் கிலோவுக்கு 500, மெல்லிய வறுவலுக்கு 750, வறுத்த காப்பித்தூளுக்கு 400 மைக்ரோகிராம் என்று அடையாள அளவுகள் குறிக்கப்பட்டிருக்கின்றன.

இவ்வளவும் கேட்ட வாசகர், வறுவல் தின்றால் புற்றுநோய் வருமா, வராதா, அதைச் சொல்லுங்கள் என்பார். நேர்மையான பதில் இது: எலிக்கும் சுண்டெலிக்கும் பெரிய அளவில் கொடுத்தால் வருகிறது, உடம்புக்குள் அது கிளைசிடமைடு என்ற வேறொரு பொருளாக மாறி மரபுப் பொருளைத் தாக்குகிறது, மனிதரிலும் அந்த மாற்றம் நடக்கிறது. ஆனால் பல்லாயிரம் மனிதரின் உணவுப் பழக்கத்தையும் பிற்காலத்து நோயையும் சேர்த்து வைத்துப் பார்த்த ஆய்வுகள் ஒருமுகமாகப் பேசவில்லை; சிலவற்றில் சில வகைப் புற்றுநோய்களோடு சம்பந்தம் தென்பட்டது, வேறு பலவற்றில் தென்படவில்லை. அக்ரிலமைடு உண்ணாத மனிதனே இல்லாதபோது, யாரை யாரோடு ஒப்பிடுவது? சுரங்கத்தின் அருகே போகாதவர்களிடமும் பூஜ்யம் கிடைக்கவில்லை என்ற அந்தப் பழைய இடர்ப்பாடே இங்கும் குறுக்கே நிற்கிறது.

அதனால் விஞ்ஞானிகள் வேறொரு வகையில் கணக்கிடுகிறார்கள். பிராணிகளில் தீங்கு சற்றே தலைகாட்டும் அளவை, மனிதர் நிஜமாக உண்ணும் அளவால் வகுத்து, இடைவெளி எவ்வளவு என்று பார்க்கிறார்கள். மரபுப் பொருளைத் தாக்கும் நஞ்சுக்கு அந்த இடைவெளி 10,000 மடங்கு இருந்தால் அதிகம் கவலைப்பட வேண்டாம் என்பது ஐரோப்பிய மரபு. இத்தாலியின் பார்மா நகரில் இயங்கும் ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2015 ஜூனில் கணக்கிட்டபோது, அக்ரிலமைடுக்கு அந்த இடைவெளி, சராசரியாக உண்ணும் பெரியவர்களுக்கு 425 மடங்கும், மிக அதிகமாக உண்ணும் குழந்தைகளுக்கு 50 மடங்குமாக இருந்தது. இதன் பொருள் ஆபத்து நிச்சயம் என்பதன்று. அலட்சியம் செய்ய இடமில்லை என்பது. குழந்தைகளின் எடை சிறியது, வறுவலின்மேல் அவர்களுக்குள்ள ஆசை பெரியது. அந்த 50 என்ற எண்ணை நினைக்கும்போதெல்லாம், பள்ளிக்கூட வாசலில் பொட்டலங்களை ஏந்தி நிற்கும் சிறு கைகள் என் கண்முன் வருகின்றன.

அதே 2015-ஆம் ஆண்டு டிசம்பரில் ஹாலண்ட்ஸோஸ் சுரங்கம், தொடங்கி இருபத்து மூன்று ஆண்டுகள் கழித்து, ஒருவாறு திறக்கப்பட்டது. 8.7 கிலோமீட்டர் நீளமுள்ள அந்த இருட்டை ரயில்கள் இப்போது சில நிமிஷங்களில் கடந்து போகின்றன.

ஆராய்ச்சியோ அடுப்பிலிருந்து பின்னோக்கி நடந்து, வயலுக்கே போய்விட்டது. இங்கிலாந்தின் ராதம்ஸ்டெட் ஆராய்ச்சி நிலையத்தில் நைஜல் ஹால்ஃபோர்டு என்பவரும் அவருடைய குழுவினரும், கோதுமைப் பயிருக்கு மண்ணில் கந்தகம் போதாவிட்டால் அதன் மணியில் அஸ்பராஜின் பல மடங்கு குவிகிறது என்று கண்டார்கள். முன்பு ஆலைப்புகையோடு வானத்திலிருந்து வந்து விழுந்துகொண்டிருந்த கந்தகம், காற்று தூய்மையானதும் நின்றுபோகவே, உழவர் அதனை உரமாக இட வேண்டியதாயிற்று. பிறகு, மணியில் அஸ்பராஜினை உண்டாக்கும் மரபணுவையே திருத்திய கோதுமையை உருவாக்கி, 2021-ஆம் ஆண்டு இலையுதிர்காலத்தில் ஹார்ட்ஃபோர்டுஷயரில் திறந்த வயலில் விதைத்தார்கள். ஐரோப்பாவில் அத்தகைய கோதுமைக்கு அதுவே முதல் வயற்சோதனை. விளைந்த மணியில் அஸ்பராஜின் பாதியளவு வரை குறைந்திருந்தது. அந்த வயலிலும், மரபணு திருத்தப்படாத பழைய கோதுமை, ஒப்பிட்டுப் பார்ப்பதற்காகப் பக்கத்திலேயே விதைக்கப்பட்டிருந்தது.